கிணற்றின் விட்டம்

நரிக்குடி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு டீச்சர்கள். திருச்சுழி தாண்டியதும் இளையவர் சொன்னார்:

“விட்டம் சரியா இருந்துச்சுக்கா. அதான் எனக்கு ஈரக்கொலயே நடுங்கிப்போச்சு.”

பெரியவர் மடியிலிருந்த சாப்பாட்டுப் பையைப் பிடித்தபடி திரும்பினார். “எதோட விட்டம்?”

“மொதல்ல காசை வச்சு வட்டம் போடச் சொன்னேன். அப்புறம் தட்டு. நூலோட ஒரு நுனிய விளிம்புல அமுக்கிக்கிட்டு, மறு நுனிய விளிம்போடயே நகத்துங்க, எங்க நூலு ரொம்ப நீளுதோ அதான் விட்டம்னு சொல்லிக் குடுத்தேன். வெள்ளிக்கெழம, இதவிடப் பெரிய வட்டமாப் பாத்து அளந்து, நோட்டுல சுருக்கி வரைஞ்சிட்டு வாங்கன்னேன்.”

“சரி.”

“மத்த பிள்ளைக அண்டா, சைக்கிள் சக்கரம்னு வரைஞ்சிருக்குக. ரெண்டு பொம்பளப் பிள்ளைக மட்டும் காட்டுக் கெணத்த அளந்துருக்குக.”

“சுத்துச்செவரு இல்லாத கெணறா?”

“ஆமாக்கா. ஒருத்தி கயித்தப் பிடிச்சிக்கிட்டு நின்னாளாம். இன்னொருத்தி மறு நுனியோட விளிம்பு மேலயே நடந்துருக்கா.”

பெரியவர் வாயில் கை வைத்துக்கொண்டார்.

“நேத்து அதுல ஒருத்தியோட அப்பாவக் கூட்டிக்கிட்டுப் போயி டேப்பு வச்சுப் பாத்தேன். ஒரு விரக்கட வித்தியாசமில்ல. விளிம்பு மண்ணு இன்னும் சரிஞ்சிக்கிட்டுத்தான் கெடக்கு.”

பெரியவர், “அடிச்சியா?” என்றார்.

“எப்படிக்கா அடிக்க? நான் சொன்னபடிதான செஞ்சிருக்குக.”

“அடுத்து என்ன பாடம்?”

“ஆழம்க்கா.”