ஃபோன் ஒன் கனெக்டட்

விடியற்காலை ஐந்து இருபத்திரண்டு. தளியிலிருந்து ஓசூருக்கு வரும் ரோடு. மத்திகிரிக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால் ஒரு வளைவு... இரண்டு பக்கமும் தைலமரம். மார்கழிப் பனி. எப்படிப்பட்ட பனி? கையை நீட்டினால் மணிக்கட்டோடு கை காணாமல் போய்விடும். சிரிக்காதீர்கள். போன கை திரும்பி வர அரை நிமிஷம் ஆகும்.

சுபாஷ், கரண்ட் வருகிற வரை அந்த ஹெல்மெட்டை மடியிலிருந்து இறக்கிக் கீழே வை. காதோரம் நீலமாகக் கண் சிமிட்டுகிறதே ஒரு பெட்டி... அதைப் பார்த்ததால்தான் இந்தக் கதையே ஞாபகம் வந்தது. லாவண்யா, நீயும் கிட்ட வந்து உட்காரம்மா. மொட்டை மாடியில் சுவரோரம் தனியாக உட்காரக் கூடாது, இன்றைக்கு மட்டுமாவது.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்குப் பயம் வராது. கோபம்தான் வரும். சொல்லி முடிப்பதற்குள் பி.பி. இருநூறைத் தொட்டால் என்னை யாராவது கீழே தூக்கிக்கொண்டு போங்கள்.

என்னோடு முப்பது வருஷம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்த ராஜப்பன்... அவனுடைய தங்கை மகன் முனிராஜ். தளிக்குப் பக்கத்தில் வீடு. நம் மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. முதல் ஷிப்ட் ஆறு மணி. ஆறு என்றால் ஆறுதான். ஆறு ஒன்றுக்கு விரல் வைத்தால் கேட்டில் இருக்கிற மெஷின் சிவப்பு காட்டிக் கத்தும். மூன்று சிவப்பு விழுந்தால் பர்மனென்ட் ஆகிற பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். நாலு வருஷமாக அந்தப் பட்டியலுக்காகக் காத்திருந்தவன் அவன். ஏற்கெனவே இரண்டு சிவப்பு வாங்கியிருந்தான்.

அந்த வளைவில் ஒரு வேகத்தடை. யாரோ ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு கோடு வெள்ளைப் பெயின்ட் இல்லை, ஒரு போர்டு இல்லை. போட்டவனை அதன் மேலேயே படுக்க வைக்க வேண்டும்!

முனிராஜ் பைக்கில் வருகிறான். முன்னால் பனிக்குள் ஒரு சத்தம். இரும்பு ரோட்டில் இழுபடுகிற சத்தம்... பிறகு எதுவும் இல்லை. கிட்டப் போனால் ஒரு பைக் கவிழ்ந்து கிடக்கிறது. சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இண்டிகேட்டர் மட்டும்... டிக்... டிக்... டிக்... பெட்ரோல் வாசனை. நசுங்கிய தைல இலை வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனை.

பக்கத்தில் ஒரு பையன். இருபத்தைந்து வயது இருக்கும். கண் திறந்திருந்தது.

"அண்ணா... நில்லுங்கண்ணா..."

முனிராஜ் நின்றான். அதைச் சொல்லியாக வேண்டும், நின்றான். வண்டியை விட்டு இறங்கவும் இறங்கினான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து இருபத்திரண்டு. பிறகு சொன்னான்:

"ஷிப்டுக்கு நேரமாச்சுங்க... பின்னால யாராவது வருவாங்க."

நாயே! ஒரு போன் பண்ண எவ்வளவு நேரமடா ஆகும்?

இருங்கள், அது பாதிதான். பையனின் ஹெல்மெட் தெறித்து விழுந்த இடத்தில், ரோட்டோரம் நீலமாக ஏதோ மின்னியது. ஹெல்மெட்டில் ஒட்டுகிற அந்தப் புளூடூத் பெட்டி, ஸ்பீக்கர் ஒயரோடு. முனிராஜ் ரொம்ப நாளாக ஆசைப்பட்ட சாமான். குனிந்தான். எடுத்தான். பாக்கெட்டில் போட்டான். பையன் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு விரல் வைத்தான். பச்சை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா, சுபாஷ்? பிற்பாடு அவனே ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கொடுத்தான். வாயால் சொல்லவில்லை, எழுதினான். ஏன் என்பது கடைசியில் வரும். உப்பும் காரமும்தான் என்னுடையது.

வீட்டில் பெண்டாட்டி ரஞ்சிதா கேட்டாள். "எங்க வாங்குனது?"

"பாகலூர் ரோட்ல ஒரு செகண்ட் ஹேண்ட் கடைல."

அன்று ராத்திரியே ஹெல்மெட்டில் ஒட்டித் தன் போனோடு இணைக்க உட்கார்ந்தான். அந்தப் பெட்டி இரண்டு போனை ஞாபகம் வைத்துக்கொள்ளும். பழைய ஆளின் போனை அது மறக்க வேண்டுமானால் பட்டனை எட்டு விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். யூடியூபில் ஒருத்தன் சொல்லிக் கொடுத்தான். நம் ஆளுக்கு ஐந்தாவது விநாடியிலேயே பொறுமை போய்விட்டது. விரலை எடுத்தான். சிவப்பும் நீலமுமாக மின்னியது. உள்ளே ஒரு பெண் குரல் சொன்னது: "ஃபோன் டூ கனெக்டட்."

டூ. அப்படியானால் ஒன் எங்கே என்று கேட்டானா? கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து ராஜா மாதிரி கிளம்பினான். பிறந்ததிலிருந்து போய் வருகிற ரோட்டுக்கு மேப் போட்டு, காதில் வழி கேட்டுக்கொண்டு போனான். வீட்டு வாசலிலேயே மேப்பில் பேசுகிற பெண் "நேராகச் செல்லவும்" என்பாள், இவன் "சரிங்க மேடம்" என்பான்.

தைலமரத்து வளைவு. ஐந்து இருபத்திரண்டு. மேப் பாதி வார்த்தையில் நின்றது.

"ஃபோன் ஒன் கனெக்டட்."

டிக்... டிக்... டிக்...

காதுக்குள். இரண்டு காதுக்குள்ளும். கூடவே ஒரு மூச்சு, ஈரமாக, தொண்டையில் தண்ணீர் நிற்கிற மாதிரி. மூடிய ஹெல்மெட்டுக்குள் நசுங்கிய தைல இலை வாசனை. பிறகு அந்த மேப் பெண் நிதானமாகச் சொன்னாள்: "நீங்கள் சேருமிடம் வந்துவிட்டீர்கள்."

வேறு யாராவது என்றால் அங்கேயே வேட்டியை நனைத்திருப்பார்கள். முனிராஜுக்கு வந்தது கோபம். ஹெல்மெட்டை ஓங்கி ஒரு குத்து. "ஓசிச் சாமான் ஒழுங்கா வேலை செய்யுதா பாரு!" வேகத்தைக் கூட்டினான். வளைவு தாண்டியதும் மேப் வந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் ரஞ்சிதா வாசலிலேயே நிற்கிறாள். "காலங்காத்தால எதுக்கு போன் பண்ணீங்க? எடுத்தா பேச மாட்டேங்கறீங்க. காத்து சத்தம், யாரோ மூச்சு விடறாங்க... என்னா வெளையாட்டு இது?"

இவன் போனைப் பார்த்தான். ஐந்து இருபத்திரண்டு. வீட்டுக்கு ஒரு கால் போயிருந்தது. அவன் பண்ணவில்லை.

"பட்டன் அழுந்தியிருக்கும்டி. அதோட, நம்ம பக்கம் கர்நாடகா டவர் புடிச்சுக்கும், என்னென்னவோ ஆகும்."

மறுநாளும் ஐந்து இருபத்திரண்டு. அதற்கு மறுநாளும். தினம் ஒரு கால், தினம் ஒரு சண்டை. மாமியார் வீடு வரை கேட்கிற சண்டை. மாமியார் வீடு பல மைல் தள்ளி ராயக்கோட்டையில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

"பேசாம அதைத் தூக்கிப் போட்டிருக்கலாமே, அங்கிள்?" என்கிறாள் லாவண்யா. நியாயமான கேள்வி. அதைத்தான் அவனும் நோட்டில் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தான். தூக்கிப் போட்டால், எங்கிருந்து எடுத்தோம் என்பதைத் தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். யார் பார்க்கிறார்கள்? யாரும் இல்லை. ஆனாலும் போட முடியவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் மத்திகிரியில் டீ குடிக்க நின்றான். பெஞ்சின் மேல் ஹெல்மெட். ஒரு அம்மாள், கையில் பாலிதீன் போட்ட போட்டோ, வருகிற ஒவ்வொரு பைக்காரனிடமும் காட்டிக்கொண்டிருந்தாள். சாந்தம்மா என்று பேர். போட்டோவில் அந்தப் பையன். பிரதாப்.

"காலைல இந்த ரோட்லயாப்பா போவ?"

"இல்லீங்கம்மா. நான் செகண்ட் ஷிப்டு."

மத்தியானம் மூன்றரை மணிக்கு, முதல் ஷிப்ட் முடித்த எண்ணெய்ச் சட்டையோடு நின்றுகொண்டு சொன்னான் இதை.

"அவன் கைக்கடியாரம் ஒடஞ்சு நின்னது அஞ்சு இருவத்தி ரெண்டுப்பா. ஒடஞ்ச போனையும் அதையும் பொட்டில வெச்சிருக்கேன், கடியாரம் இன்னும் அதே மணிதான் காட்டுது. பால் வண்டிக்காரர் வந்து தூக்குனது ஆறு மூணு. அவர் மடியிலதான் உசுரு போச்சு. நாப்பத்தியொரு நிமிஷம்... அந்த நேரத்துல ஒரு ஆளு கூடவா அந்தப் பக்கம் போகல? என்ன பேசினானோ, யார்கிட்ட பேசினானோ..."

சொல்லிக்கொண்டே அவள் கண் பெஞ்சுக்குப் போயிற்று. "எம் மகனும் இந்த மாதிரி ஒண்ணு வெச்சிருந்தான்."

"எல்லாக் கடையிலயும் விக்குதுங்க," என்றான். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

இப்போது நான் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். பயத்தில் இல்லை. அந்த அம்மாள் காலில் விழுந்து, நான்தான் போனேன், உன் மகன் என்னிடம்தான் பேசினான் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நானும் உங்களைத் தூங்க விட்டிருப்பேன்.

சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பட்டனை அழுத்தினான். இந்த முறை எட்டு விநாடி. பயத்தில் எண்பது விநாடி பிடித்திருப்பான். பெட்டி எல்லாவற்றையும் மறந்தது. தன் போனை மட்டும் புதிதாகச் சேர்த்தான். "ஃபோன் ஒன் கனெக்டட்" என்றது பெட்டிக்குள் இருந்த பெண் குரல். அப்பாடா, இப்போது நான்தான் ஒன் என்று நிம்மதியாகப் படுத்தான்.

விடிந்தது. வளைவு. ஐந்து இருபத்திரண்டு.

"ஃபோன் டூ கனெக்டட்."

டிக்... டிக்... டிக்...

அன்று சாயங்காலம் ரஞ்சிதா தட்டைத் தரையில் அடித்தாள். "இனிமே காலைல ஏழு மணி வரைக்கும் என் போன் ஆஃப்பு. நீங்க செத்தாலும் எனக்கு சொல்லாதீங்க!"

கோபத்தில் சொல்வதுதான். அவள் மேல் தப்பு இல்லை. ஆனால் சொன்ன மாதிரியே போனை அணைத்து வைத்தாள்.

நாற்பதாவது நாள். பர்மனென்ட் ஆர்டர் கையில் கொடுக்கிற நாள். முனிராஜ் புதுச் சட்டை போட்டு, விபூதி வைத்து, பதினைந்து நிமிஷம் முன்னாலேயே கிளம்பினான். எதற்கு? ஐந்து இருபத்திரண்டுக்குள் அந்த வளைவைத் தாண்டிவிடலாம் என்றுதான். தளி தாண்டியதும் ஒரு ரோஜாப்பூ டெம்போ ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. டயர் பஞ்சராம். பதினைந்து நிமிஷம் அங்கேயே போயிற்று.

வளைவு வந்தது. ஹெல்மெட்டுக்குள் டிக் டிக் கேட்கவில்லை. மூச்சும் இல்லை. ஒரே ஒரு குரல், கெஞ்சாத குரல்.

"நில்லு."

முதல் நாள் "அண்ணா" என்று கூப்பிட்ட குரல்தான். இப்போது அண்ணா இல்லை.

"இன்னைக்கு ஒரு நாள் விடுப்பா!" என்று கத்திக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான். நாற்பது நாளாக ஏறி இறங்கின வேகத்தடை. அது அங்கே இருப்பது மறந்துபோயிற்று.

பால் வண்டிக்காரர் வந்தது ஆறு மூன்று. அதே பால் வண்டிக்காரர்தான். அவர் சொன்னது இது: முனிராஜுக்குத் தொடை எலும்பு முறிந்து, தாடை உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் உதடு அசைந்துகொண்டே இருந்ததாம். யாருக்கோ பதில் சொல்கிற மாதிரி.

கிருஷ்ணகிரியில் ஒரு ஆஸ்பத்திரியில் போட்டார்கள். பல்லோடு பல்லைக் கம்பி வைத்துக் கட்டிவிட்டார்கள். ஆறு வாரத்துக்கு வாயைத் திறக்க முடியாது. கேட் மெஷினில் மூன்றாவது சிவப்பு விழுந்துவிட்டது.

நம் ராஜப்பன் பார்க்கப் போனான். கட்டிலருகே ரஞ்சிதா அவன் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கண்ணில் தண்ணீர் இல்லை, நெருப்பு.

"மாமா, நீங்களே பாருங்க. விழுந்ததும் எனக்கு ஒரு கால் பண்ணியிருக்காரு. என் போன் ஆஃப்புல இருந்துது, அந்தப் பாவம் என்னோடது. ஆனா அடுத்தாப்ல பாருங்க... அஞ்சு இருவத்தி ரெண்டுக்கு வேற ஒரு நம்பர். பேரு கூட சேவ் பண்ணல. எடுத்துப் பேசியிருக்காங்க. நாப்பத்தியொரு நிமிஷம் மாமா! உசுரு போற நேரத்துல எவகூட இவருக்கு அப்படி என்னா பேச்சு?"

"இரும்மா, ஆஸ்பத்திரில வேணாம்..." என்றான் ராஜப்பன்.

"இப்பவே கேக்கறேன். ஸ்பீக்கர்ல போட்டே கேக்கறேன்."

கட்டிலில் முனிராஜ் கண்ணை அகல விரித்தான். வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான். டிரிப்ஸ் ஊசி பிய்த்துக்கொண்டு ரத்தம் வந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் ஆத்திரம். அந்த நம்பரை அழுத்தினாள்.

ரிங் போனது. ஒன்று... இரண்டு... மூன்று...

எடுத்தார்கள்.

"யாருடி நீ?" என்றாள் ரஞ்சிதா.

காற்று. தைலமரத்தில் காற்று அடிக்கிற சத்தம். எங்கேயோ ஒரு சக்கரம் சுற்றி ஓய்கிறது. டிக்... டிக்... டிக்... பிறகு ஒரு ஆண் குரல், ரொம்பக் கிட்டத்தில்.

அந்தக் குரலைக் கேட்டதும் ரஞ்சிதா கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். முனிராஜின் வாய் கம்பியால் இறுகக் கட்டியபடியேதான் இருந்தது. ஆனால் ஸ்பீக்கரில் பேசியது அவன் குரல்தான்.

"ஷிப்டுக்கு நேரமாச்சுங்க... பின்னால யாராவது வருவாங்க."