அண்ணனுக்காக நான் தட்டியவை

கம்ப்யூட்டர் மேசை போன பிறகு எங்கள் கூடத்தில் தாராளமாகக் கால் நீட்டி உட்காரலாம். கம்ப்யூட்டரோடு அதைத் தூக்கிக் கொடுத்தது நான்தான்.

அண்ணன் தட்டச்சராக இருந்தவர். காது அறவே கேட்காது, பார்வையும் மங்கல். பெரிய திரையில் கொட்டை எழுத்தை வைத்துக்கொண்டு, வெளிநாட்டிலிருக்கும் மகளோடு பத்து விரலாலும் மணிக்கணக்கில் பேசுவார். என் மனைவி போன பிறகு எனக்கு ஒரே துணை அவர். அவருக்கு நான் பக்கத்து நாற்காலி.

கம்ப்யூட்டருக்குப் பதிலாக அன்போடுதான் கைப்பேசி வாங்கிக் கொடுத்தேன். ஓர் எழுத்தைத் தொட்டால் மூன்று விழுந்தது.

"இந்தப் பொடிசு நமக்கு ஆகாதுடா. நீயே அடிச்சிடு" என்றார்.

எழுத்தைப் பெரிதாக்கும் வசதி அதில் இருந்தது. சொல்ல மறந்துவிட்டேன். வயதாகிறதல்லவா?

அவர் சொல்வதை நான் தட்டுவேன். மகள் அனுப்புவதைத் தடித்த பேனாவால் தாளில் எழுதிக் காட்டுவேன். ஆரம்பத்தில் உள்ளது உள்ளபடி. பிறகு, கை வலிக்குமே என்று, கொஞ்சம் சுருக்கி.

ஒருநாள் அவள் கேட்டாள்: "அப்பா, பிரசவத்துக்கு வந்துடுங்க. இனிமே எங்ககூடவே இருங்க. டிக்கெட் போடவா?"

அந்தத் தாளை நான் எழுதவில்லை. "தம்பிய விட்டுட்டு வரமாட்டேம்மா" என்று அண்ணன் பேரில் பதில் போட்டேன். நல்ல அண்ணன் அப்படித்தானே சொல்வார்?

"டாக்டர் எந்திரிக்கவே கூடாதுன்னுட்டார். பயமா இருக்குப்பா."

"கடவுள் பாத்துப்பார்." இது எனக்கே நான் தினமும் சொல்லிக்கொள்வது. கைவசம் இருந்ததில் நல்லதைத்தான் கொடுத்தேன்.

"அப்ப உங்களுக்கு மக இல்லன்னு நெனச்சுக்குங்க."

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பிள்ளை பிறந்ததா, அவள் பிழைத்தாளா, தெரியாது. கேட்டிருக்கலாம். சங்கடமாக இருந்தது.

அண்ணன் வாடிப்போனார். பார்க்கப் பொறுக்காமல் மகளின் பங்கையும் நானே எழுத ஆரம்பித்தேன். பாசமாக எழுதுகிறேன் போலிருக்கிறது.

"இப்பதான்டா அவ மனசு விட்டுப் பேசுறா" என்று முதுகில் தட்டினார். கூச்சமாகிவிட்டது. பேரன் பிறந்ததாக எழுதிக் காட்டிய அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும்தான்.

இப்போது, "போட்டோ அனுப்பச் சொல்லுடா. பூதக்கண்ணாடி வச்சுப் பாத்துக்கறேன்" என்கிறார்.

கைப்பேசியில் குழந்தைப் படங்களுக்கா பஞ்சம்? ஆனால் ஏதோ ஒன்றைக் காட்டி அண்ணனை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. எங்கள் குடும்ப மூக்கு உள்ளதாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.