கடைசி மூச்சிலும்

— நிறுத்து பாய். அந்தப் பாட்டுல வர்ற வயலின நிறுத்து. காது குடுத்து கேக்க முடியல.

— நிறுத்திட்டேன் தங்கச்சி. குந்து. தண்ணி குடிக்கிறியா?

— குந்த வர்ல. எங்கண்ணன் ஆஸ்பத்திரில பேசுன டேப்பு உன் ஸ்டுடியோலதான் கீதுன்னாங்க. அத்த குடு, நான் போய்க்கினே கீறேன்.

— சிஸ்டர், கொஞ்சம் சாந்தமா பேசுவோம். இது ஆராதனைப் பாட்டு பதிவாகிற இடம்.

— இன்னாது, சிஸ்டரா? தேவப்பிரியம், எங்கூட்டு மொட்ட மாடில எங்கண்ணன்கிட்ட கித்தாரு கத்துக்கினப்ப நான் உனக்கு ரோசி. பேண்டுக்கு ‘ஏழாம் எக்காளம்’னு பேரு வச்ச அன்னிக்கும் ரோசி. கேசட்டு வந்ததும் சிஸ்டராயிட்டனா?

— சரி, ரோசி. உன் வேதனை கர்த்தருக்குத் தெரியும்.

— வேதன இல்ல, அருவருப்பு. அட்டையப் பாத்தியா நீ? ஆக்சிஜன் குழாயி, அதுக்குப் பின்னாடி புறா பறக்குது. பேரு ‘கடைசி மூச்சிலும்’. காசிமேட்டுல மீனு கழுவி ஊத்துன தண்ணிகூட இவ்ளோ நாறாது.

— அட்டை சபையில ஒரு பிரதர் பண்ணினது. அச்சுக்குப் போனப்புறம்தான் நானே பாத்தேன்.

— பாட்டையாவது கேட்டியா? எங்கண்ணன் பெலவேந்திரன் வாசிச்ச பாஸ் கித்தாரு எங்க? ஏழு வருசம் அவன் வெரல் காச்சுப் போன வாசிப்பு. அத்த எடுத்துட்டு எவனையோ வச்சு கீபோர்டுல தட்டி வுட்டுக்கிறீங்க. அவன் கை வேணாம், அவன் சாவு மட்டும் வேணும்.

— அவன் நாலு பாட்டுதான் வாசிச்சு முடிச்சிருந்தான். மீதி ஆறுக்கு ஆளு வேணுமே. ஒரே கேசட்ல ரெண்டு விதமா கேக்க வேணாம்னு சபை மூப்பர்கள் சொன்னாங்க.

— மூப்பருங்க காதுல போட்டுக்க கொஞ்சம் மீனெண்ண வாங்கியாரட்டா?

— தங்கச்சி, அவரு மேல மட்டும் பாயாத. மிக்ஸிங் பண்ணது நானு.

— தெரியும் பாய். உன்னியும் கேக்கத்தான் வந்தேன். அவன் மூச்சு இழுக்கிற சத்தத்த டிரம்ஸோட சேத்து தாளமாக்கிக்கிற. பாட்டு நெடுக எங்கண்ணன் தெணறிக்கினே கீறான். உனக்கு எப்டி பாய் கை வந்துச்சு?

— இன்னா சொல்றது. கெட்ட எண்ணம் இல்லமா, அல்லா மேல சத்தியம். கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன், தாளத்துல கரீட்டா வந்து உக்காந்துச்சு. உக்காந்ததும் சந்தோசமாக்கூட ஆயிட்டேன். அப்பால வூட்டுக்குப் போயி ரெண்டு நாளு சோறு எறங்கல.

— உனக்கு எறங்கல. கேக்குறவன் கையத் தட்டிக்கினு கேக்குறான்.

— கை தட்டல ரோசி, அழறாங்க. திருவொற்றியூர் கூட்டத்துல அந்த இடம் வந்ததும் நூறு பேர் முழங்கால் போட்டாங்க. சாகப்போற ஒரு வாலிபன் ‘எனக்குப் பயமில்ல’ன்னு சொல்றான். இதைவிடப் பெரிய சாட்சி ஏது?

— அவன் அப்டி சொல்லல.

— குரல் அவனோடதுதானே. நாங்க ஒண்ணும் ஆள் வச்சுப் பேச வைக்கல.

— கொரலு அவன்துதான். கட்டிலுக்கு அந்தாண்ட டேப்ரிக்கார்டர புடிச்சிகினு நீ நின்ன. இந்தாண்ட அவன் கைய புடிச்சிகினு நான் குந்திகினு இருந்தேன். அவன் இன்னா சொன்னான், முழுசா சொல்லு.

— எட்டு மாசம் ஆச்சு, ரோசி. வார்த்தைக்கு வார்த்தை எனக்கு ஞாபகம் இல்ல.

— எனக்கு கீது. ‘எனக்குப் பயமில்லன்னு அம்மாகிட்ட சொல்லிடு. ஆனா பயமாக்கீது ரோசி. கைய வுடாத.’ கைய வுடாத, கைய வுடாதன்னு மூணு தபா சொன்னான். நீ மொத ரெண்டு வார்த்தைய வச்சிகினு மீதிய வெட்டிட்ட.

— கேக்கிற ஆத்துமாக்களுக்கு அதுல ஒரு பெலன் கிடைக்கட்டும்னுதான்.

— எண்ணூரு கம்பெனில முகமூடி இல்லாம அவன கெமிக்கல் டேங்க்குக்குள்ள எறக்கி வுட்டானுங்க. ஒம்பது நாளு நெஞ்சு வெந்து கெடந்தான். அவன் பயப்படாம இன்னா பண்ணுவான்? அந்தப் பயத்தக்கூட அவங்கிட்ட வுடல நீ. கம்பெனிகாரனாவது கோயிலு வேசம் போடாம செஞ்சான்.

— நீ பேசறதெல்லாம் எனக்கு வேண்டியதுதான், ரோசி. பேசு.

— பேசி இன்னா ஆவப்போவுது? டேப்ப குடு.

— அந்த டேப்பு இப்ப எதுக்குமா உனக்கு?

— எதுக்கோ. எங்கூட்டு சாவு, எங்கூட்டு டேப்பு. குடு பாய்.

— தேவப்பிரியம், நீயே சொல்லிடு. என்னால முடியாது.

— இன்னா சொல்லணும்? இன்னாடா சொல்லணும்?

— ரோசி, அந்த டேப்புல இப்ப அவன் பேச்சு இல்ல.

— இல்லன்னா?

— நம்ம பேண்டு பழக்கம் உனக்குத் தெரியாததா? புது டேப்பு நாம என்னைக்கு வாங்கினோம்? கூட்டத்துல சும்மா குடுக்கிற பிரசங்க கேசட்டை எடுத்து, அது மேலதானே ரிகர்சல் பதிவோம்.

— அது எங்கண்ணன் சொல்லிக் குடுத்த வேல. கேசட்டு மேல ரெண்டு ஓட்ட இருக்கும், அதுல பிளாஸ்திரி ஒட்டுனா திரும்பப் பதியும்னு அவன்தான் ஒட்டி ஒட்டிக் குடுப்பான்.

— அவன் ஒட்டினதுல ஒண்ணைத்தான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனேன். அப்சல் பாய் வேலை முடிச்சுத் திருப்பிக் குடுத்தப்ப அந்தப் பிளாஸ்திரிய உரிச்சிருக்கணும். மறந்துட்டேன். பையில மத்த டேப்போட டேப்பா கெடந்தது. புது டிரம்மர் எடுத்து ரிகர்சலைப் பதிஞ்சுட்டான்.

— ரெண்டு பக்கமுமா?

— ரெண்டு பக்கமும்.

— பாய், உன் கம்ப்யூட்டர்ல முழுசா கீதுல்ல?

— கொஞ்சம் இரு, கூட்ஸு ரயிலு போவட்டும். ஒண்ணும் கேக்கல.

— போயிடுச்சு. சொல்லு.

— இல்லமா. இதுல எடம் கம்மி. வேணுங்கிறத மட்டும் ஏத்துனேன். மொத்தம் பதினோரு செகண்டு. அதுவும் பாட்டோட கலந்து போச்சு, தனியா பிரிக்க வராது; கேசட்டுல இன்னா கேக்குறியோ, அவ்ளோதான்.

— அவன் ரோசின்னு கூப்புட்டது?

— இல்ல.

— எங்கயுமே இல்லியா?

— எங்கயும் இல்ல தங்கச்சி.

— ரோசி, உக்காரு. கேளு. தப்பு என்னோடது, மூப்பர்கள் மேல போட மாட்டேன். அடுத்த வாரம் கேசட்டை ரெண்டாவது தடவை போடறாங்க. அதுல அவன் குரல் இருக்காது, அட்டையும் மாறும். கடைக்குப் போனதையும் நானே திருப்பி எடுத்துட்டு வரேன். பேண்டை விட்டு என்னை நீக்கினாலும் சரி.

— அடுத்த வாரம் எதுக்கு? இப்பவே அழிச்சிடறேன். இங்க பாருமா, உன் கண்ணு முன்னாடி. இத்த அமுக்குனா மூச்சு, கொரலு எல்லாம் போயிடும். அப்பால எவனும் அத்த எடுத்து வேற பாட்டுல போட முடியாது. அமுக்கட்டா?

— கைய எடு பாய்.

— இன்னாமா?

— அழிக்காத. கைய எடு.

— நீதானே ரோசி அருவருப்புன்னு சொன்ன.

— இப்பவும் அருவருப்புதான். உன்னப் பாத்தாலும், அந்தப் பாட்ட கேட்டாலும். என்னிய நெனச்சாலும்.

— உன்னை நெனச்சு என்ன?

— அம்மாகிட்ட சொல்லிடுன்னு அவன் சொன்னத நான் சொல்லவே இல்ல. வாயத் தொறந்தா மீதியும் சேந்து வந்துடுமோன்னு எட்டு மாசமா வாய மூடிகினே இருந்துட்டேன். அம்மாவும் எட்டு மாசமா செவுத்தப் பாத்துக்கினே படுத்துக் கெடந்துச்சு. போன வாரம் எதுத்தூட்டு ஜெரினா உங்க கேசட்ட எடுத்தாந்து போட்டுச்சு. நான் ஓடிப்போயி நிறுத்தறதுக்குள்ள அந்த எடம் வந்துடுச்சு.

— அம்மா கேட்டாங்களா?

— கேட்டுச்சு. எழுந்து குந்துச்சு. தல வாரிக்கினு மீனு வாங்கியாந்து கொழம்பு வச்சுது. அன்னிலருந்து அந்த எடத்த மட்டும் போட்டுப் போட்டு, நேத்து டேப்பு சிக்கி அறுந்து போச்சு. அதான் அசல வாங்கிக்கினு போலாம்னு வந்தேன். வயலினு இல்லாம, அந்தத் தாளம் இல்லாம, அந்த ரெண்டு வார்த்தைய மட்டும் அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாம்னு.

— அம்மா உன்னை எதுவும் கேக்கலயா, தங்கச்சி?

— கேட்டுச்சு பாய். ‘நீதானே பக்கத்துல இருந்த, வேற இன்னாவாவது சொன்னானா’ன்னு கேட்டுச்சு. இவ்ளோதாம்மா சொன்னான்னு சொல்லிட்டேன். அந்தக் கேசட்டே ஒண்ணு குடு, தேவப்பிரியம்.