இரண்டு பின்சக்கரங்கள்

இரண்டு பின்சக்கரங்களுக்கும் சேர்த்து எனக்குப் பதினொரு மணி நேரம் ஆனது. பழகிய கை மூன்று மணி நேரத்தில் முடித்துவிடும். முதல் பிரேக் டிரம்மைக் கழற்றவே எனக்குப் பாதி நாள் போய்விட்டது. துருவேறி ஒட்டிப்போயிருந்தது. சுற்றிலும் மண்ணெண்ணெய் விட்டு, மரச்சுத்தியலால் தட்டி, ஊறவிட்டு, மறுபடி தட்டினேன். கழன்று வந்தபோது உள்ளிருந்த கறுப்புப் பொடி என் மடியில் கொட்டியது.

அது அப்பாவின் பழைய பிக்கப் வண்டி. அப்பா போன பிறகு இரண்டு வருடம் கொட்டகையில் அப்படியே நின்றது. என்ஜின் முதல் நாளே பிடித்துக்கொண்டது. பின்பக்கத்து பிரேக்தான் செத்துக் கிடந்தது. அண்ணனுக்கு மலைக்கு அந்தப் பக்கம் வேலை கிடைத்திருந்தது. வீட்டுச் சாமானை அப்பா வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போவேன் என்று பிடிவாதமாக இருந்தான். திங்கட்கிழமை அவன் வேலையில் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

எங்கள் தெரு முனையில் இருக்கும் மெக்கானிக்கை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து நாளைக்குக் கை ஒழியாது என்று அவர் சொல்லிவிட்டார். அண்ணன் என்னைக் காட்டினான்.

"இவ பி.எஸ்சி. பிசிக்ஸ். புத்தகத்தைப் பாத்துக்கிட்டே பண்ணிடுவா."

"பிசிக்ஸ் படிச்சவங்க கையில கிரீஸ் ஒட்டாதுன்னு கேள்விப்பட்டேனே" என்றார் டாக்டர்.

"எங்க விஞ்ஞானி கையில எல்லாம் ஒட்டும். வாய்தான் ஒட்டிக்கும், திறக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் பேசாதவள் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். கடையில் பாக்கிச் சில்லறையைக்கூட வாய் திறந்து கேட்க மாட்டேன்.

எங்கள் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று வருடமாக அவளுக்கு இடது கையும் காலும் வராது. காலையில் தூக்கி உட்கார வைப்பது, குளிக்கவைப்பது, மறுபடி படுக்க வைப்பது எல்லாம் அண்ணனும் நானும். அவன் தோள் பக்கம் பிடிப்பான், நான் கால் பக்கம். சில நாள் அண்ணி பிடிப்பார். அவர்கள் இருவரும் போய்விட்டால் அந்தப் பெரிய வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அம்மா பேசுவது எனக்கு மட்டும்தான் புரியும். நான் பேசுவது யாருக்கும் கேட்காது.

போகாதே என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு சந்தர்ப்பமும் கிடைத்தது. வேலையின் கடைசிக் கட்டம், பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். அவன் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்தான். நான் வண்டிக்கு அடியில் படுத்துக் குமிழைத் திறந்து மூடினேன்.

"மிதி. பிடிச்சுக்கோ."

"பிடிச்சிருக்கேன். எவ்ளோ நேரம்? கால் மரத்துப் போச்சு."

"நான் சொல்ற வரைக்கும்."

"அம்மாடி, அதிகாரத்தப் பாரு. ஏய், மாசத்துக்கு ஒரு தடவை வந்துடுவேன். கேக்குதா?"

"ம்."

"என்ன ம்? மனசுல ஏதாவது இருந்தா சொல்லு. இப்ப என் மூஞ்சிகூடத் தெரியாது உனக்கு. சொல்றதுக்கு இதைவிட வசதி கிடைக்காது."

அவனுடைய செருப்பின் அடிப்பாகம்கூட எனக்குத் தெரியவில்லை. துருப்பிடித்த தகடும் சொட்டும் எண்ணெயும்தான் தெரிந்தன. நான் வாயைத் திறந்தேன்.

"விடு" என்றேன். பெடலைத்தான் சொன்னேன்.

டிரம்முக்குள் பிறைவடிவில் இரண்டு ஷூக்கள் இருக்கும். மிதித்தால் அவை விரிந்து டிரம்மின் உட்சுவரை அழுத்தும். தேயத் தேய இடைவெளி கூடுமில்லையா, அதை ஈடுகட்ட இரண்டுக்கும் நடுவே பல்சக்கரம் வைத்த ஒரு திருகு உண்டு. அட்ஜஸ்டர் என்பார்கள். வண்டியைப் பின்னால் எடுத்து பிரேக் போடும்போதெல்லாம் அது நகர்ந்து ஷூக்களைச் சுவருக்குப் பக்கத்தில் தள்ளிவைக்கும். இடப்பக்கத்துத் திருகுக்கும் வலப்பக்கத்துத் திருகுக்கும் மரை எதிரெதிராக ஓடும். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். இடம் மாறிவிட்டால் ஒவ்வொரு முறையும் ஷூக்கள் நெருங்குவதற்குப் பதிலாக விலகும். பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும்.

அப்படித்தான் மாறியிருந்தது. வண்டியைப் பள்ளத்திலிருந்து மேலே தூக்கி வந்த பிறகு பிரித்துப் பார்த்து டாக்டர்தான் கண்டுபிடித்தார். என்னைத் திட்டவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார். "எல்லாரும் முதல் தடவை பண்ற தப்பும்மா இது. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாப் பிரிச்சுப் போட்டிருப்ப, மாறிப் போயிருக்கும். நான் ஒரு எட்டு வந்து பாத்திருக்கணும்" என்றார். நீங்களும் விசாரணை அறிக்கையில் அனுபவமின்மை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டியபோது உங்கள் குரல் மிக மென்மையாக இருந்தது. அதனால்தான் இந்த ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தேன்.

நான் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பிரிக்கவில்லை. அப்படிப் பிரிக்கக் கூடாது என்று புத்தகத்திலேயே இருக்கிறது. வலப்பக்கத்தில் புது ஷூக்களைப் போட்டு முழுதாக மாட்டி முடித்த பிறகுதான் இடப்பக்கத்தைத் தொட்டேன். இரண்டும் சரியாக இருந்தன. காற்றெடுத்து முடித்து அவன் சாப்பிடப் போனான். நான் மறுபடி டிரம்களைக் கழற்றினேன். இந்த முறை எளிதாக வந்தன. திருகுகளை இடம் மாற்றி மாட்டினேன்.

அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டிருந்தேன். எங்கள் வாசல் குறுகல். சாமான் ஏற்ற வண்டியை இருபது முப்பது முறையாவது முன்னும் பின்னும் எடுக்க வேண்டியிருக்கும். பெடல் இறங்குவது வாசலிலேயே அவன் காலுக்குத் தெரிந்துவிடும். டாக்டரிடம் போவான். டாக்டருக்குப் பத்து நாள் ஆகும். திங்கட்கிழமை போய்விடும். இவ்வளவுதான் என் திட்டம். இதில் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் சனிக்கிழமை காலை அவனுடைய நண்பர்கள் ஐந்து பேர் வந்துவிட்டார்கள். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. பீரோ, கட்டில், தையல் மிஷின் எல்லாவற்றையும் கையாலேயே தூக்கிக்கொண்டு போய் ஏற்றினார்கள். ஒரு முறைகூடப் பின்னால் எடுக்கவில்லை. நேராகத் தெருவுக்கு இறங்கினான். முனையில் ஒரு முறை பிரேக் போட்டுப் பார்த்து, கையை வெளியே நீட்டிக் கட்டைவிரலைக் காட்டினான். எனக்குத்தான் அந்தப் பாராட்டு.

மலைப்பாதையில் பழுதுவேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு வண்டி போகும் அகலம்தான். எதிரே லாரி வரும்போதெல்லாம் அண்ணன் பின்னால் எடுத்து வழிவிட்டான் என்று அண்ணி சொன்னார். ஏறி முடிக்கும் வரை அப்படியே. வாசலில் நடக்க வேண்டியது அங்கே நடந்தது. உச்சிக்கு அப்புறம் இறக்கம். ஷூக்கள் அளவுக்கு மேல் விலகினால், அவற்றைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்துவிடும். பிரேக் எண்ணெய் முழுவதும் கொட்டிவிடும். பழைய வண்டி, நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய். ஹேண்ட் பிரேக்கும் அதே பின்ஷூக்களைத்தான் இழுக்கும். மூன்றாவது வளைவில் அவனுக்கு மிதிக்க ஒன்றும் இல்லை.

அண்ணி வெளியே வீசப்பட்டதால் பிழைத்தார். கால் கூடிவிட்டது. அவருக்குப் போக வேறு இடம் இல்லை, எங்களோடுதான் இருக்கிறார். காலையில் அவர் தோள் பக்கம் பிடிக்கிறார், நான் கால் பக்கம். அம்மா அவனைத் தேடும்போது, வேலைக்குப் போயிருக்கார் அத்தை என்று அண்ணிதான் சொல்கிறார். நான் சாப்பிடாமல் இருந்தால் தட்டை என் மடியில் வைத்து, "உன்மேல தப்பில்லடி. அவர் உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டார், தெரியுமா? வழியெல்லாம் உன் பெருமைதான்" என்கிறார். வீடு நான் பயந்தபடி வெறிச்சோடிப் போகவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் அண்ணி.

கடைசியாக எப்போது பேசினாய் என்று அன்றைக்குக் கேட்டீர்கள். வாசலில் என்று சொன்னேன். அது சரியில்லை. மலையுச்சியில் வண்டியை நிறுத்தி, அண்ணி கடைக்குத் தண்ணீர் வாங்கப் போன நேரத்தில், அண்ணன் எனக்கு போன் செய்தான்.

"விஞ்ஞானி, பெடல் ரொம்பக் கீழ போகுது. எனக்கு என்னமோ சரியாப் படல. வேலை கிடக்குது, அதை அப்புறம் பாத்துக்கலாம். மெதுவா வீட்டுக்கே திரும்பி வந்துடட்டுமா?"

வந்தால் டிரம்மைக் கழற்றுவான். திருகுகளைப் பார்ப்பான். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பான்.

"புது ஷூ அப்படித்தான் இருக்கும்" என்றேன். "ஒண்ணும் ஆகாது. நீ போ அண்ணா."