கொம்புப் பிடிக் கத்தி

மடக்குக் கத்தியை மடியில் செருகுவதா, அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்வதா என்பது அவரவர் பழக்கம். நான் கட்டுகிறவன். செருகினால் குனியும்போது வயிற்றில் இடிக்கும். நேற்று உங்கள் சிப்பாய்கள் என் பெட்டியைத் தூக்கிவந்து இந்த மேசையில் கவிழ்த்தார்களே, அதிலிருந்த ஒவ்வொரு கத்தியையும் நான் இடுப்பில் கட்டிப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறொன்று. கவிழ்த்த விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை, துபாஷி ஐயா. அலகோடு அலகு உரசினால் கீறல் விழும். கோட்டைத் துரைக்கு அவர் பாஷையில் மற்றதை எப்படிச் சொன்னாலும் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் பெயர் துளசிங்கம், ஊர் தோணிரேவு. ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் கழி ஊன்றி வலை கட்டுவது எங்கள் குடும்பத் தொழில். ஒல்லாந்துக் கப்பல் வந்து நங்கூரம் போட்டால் நண்டும் இறாலும் கொண்டுபோய்க் கொடுப்போம். அப்படிப் போன ஒரு நாளில்தான் மடங்குகிற கத்தியை முதலில் பார்த்தேன். ஒரு கப்பல்காரன் புகையிலை நறுக்கினான். நறுக்கி முடித்ததும் கத்தியை அதன் பிடிக்குள்ளேயே படுக்கவைத்துவிட்டுப் போய்விட்டான். எங்கள் வீட்டுக் கத்தியெல்லாம் எந்நேரமும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறவை. தன் வேலை முடிந்ததும் அடங்கிப்போகிற பொருளை அன்றுதான் கண்டேன். அதற்குப் பிறகு நண்டுக்கு மாற்றாக மடக்குக் கத்தியைத் தவிர வேறு எதையும் வாங்கியதில்லை.

சேர்ப்பதை யாரும் செய்யலாம். ஒப்பிடுவதில்தான் நேர்மை வேண்டும். எது அழகு என்று நான் பார்ப்பதில்லை. ஈரக் கயிற்றை எது ஒரே இழுப்பில் அறுக்கிறது, எதன் ஆணி உப்பில் இறுகுகிறது, எந்த அலகு தட்டினால் தானாக மடங்கி விரலைப் பதம் பார்க்கிறது என்று பார்ப்பேன். கடைசியாக ஏரித் தண்ணீரை ஒரு பானையில் ஊற்றி, கத்தியை அதில் போட்டுவைத்து, ஊறிய பின் எடுத்து ஈரக்கையால் திறந்து பார்ப்பேன். என் தங்கை தெய்வநாயகி அதைப் பார்த்துச் சிரிப்பாள். "எங்கண்ணன் கத்திய ஊறவெச்சித்தான் கொழம்பு வெக்கும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள். நானும் சிரித்துக்கொள்வேன்.

அதோ, அந்த மஞ்சள் மரப்பிடிக் கத்தி. பிடியில் மீன் செதுக்கியிருக்கிறது, பாருங்கள். காய்ந்திருக்கும்போது கட்டைவிரல் பட்டாலே திறந்துவிடும். பானையில் போட்டால் மரம் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் எப்பேர்ப்பட்டவன் இழுத்தாலும் வராது. இது எனக்கு மட்டும்தான் தெரியும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தருமலிங்கம் என் தங்கை புருஷன். ஒரே தோணியில் தொழில் செய்தோம். நல்ல மனுஷன், அதில் சந்தேகமே வேண்டாம். நான் காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் எனக்கும் சேர்த்து வலை இழுத்தவன். ஒருமுறை கப்பல் படகு அலையில் கவிழ்ந்தபோது ஒரு மாலுமியை இழுத்துக் கரை சேர்த்தான். அந்த மாலுமி தன் இடுப்பிலிருந்த கத்தியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டான். மான் கொம்புப் பிடி, உள்ளே எஃகு வில் வைத்தது. திறந்தால் ஒரு சத்தம் வரும், மூடினால் வேறொரு சத்தம் வரும். அப்படி ஒன்று என் பெட்டியில் கிடையாது.

அவன் அதை வைத்து என்ன செய்தான் தெரியுமா? நண்டுக் காலை உடைத்தான், முதுகு சொறிந்தான், உப்புத் தண்ணீரோடு அப்படியே மடக்கித் தோணியில் எறிந்தான். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. என் கத்திகளில் பிடித்ததை எல்லாம் எடுத்துக்கொள், அதை மட்டும் கொடு என்று கேட்டேன். ஒருமுறை இல்லை, பலமுறை கேட்டேன். "கத்தின்னா நறுக்கணும் மச்சான். கொஞ்சறதுக்கு இன்னா கீது அதுல?" என்று சொல்லிவிட்டு வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டான். பேச்சு அதோடு முடிந்தது.

இனி எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் துரைக்கு விளங்காது. முகத்துவாரத்தில் ஒருவன் தண்ணீரில் இறங்குவான், ஒருவன் தோணியில் நின்று வலையின் தலைக்கயிற்றைப் பிடித்திருப்பான். இறங்குவதற்கு முன் இருவரும் கத்தியை மாற்றிக்கொள்வார்கள். அடியில் வலை காலைச் சுற்றினால் இறங்கியவன் அறுத்துக்கொண்டு வரவேண்டும். அவனால் முடியாமல் கயிறு அதிர்ந்தால், மேலே நிற்பவன் கையிலிருக்கும் கத்தியோடு குதிக்கவேண்டும். அவன் கத்தி இவன் கையில் இருந்தால் அவன் உயிரும் இவன் நினைவில் இருக்கும் என்று யாரோ வைத்த ஏற்பாடு. கரையேறியதும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஏறாமல் போனவனுடைய கத்தி தோணியில் நின்றவனுக்கே. அதை யாரும் கேட்கமாட்டார்கள், வாங்கினால் அமங்கலம்.

எப்போதும் நான் அவனுக்கு இரும்புப் பிடிக் கத்தியைத்தான் கொடுப்பேன். அன்று மரப்பிடியைக் கொடுத்தேன்.

"புதுசா கீதே மச்சான். நல்லாத் தொறக்குமா?" என்று கேட்டான்.

"தொறந்து பாரு" என்றேன்.

திறந்து பார்த்தான். நன்றாகத் திறந்தது. சிரித்துக்கொண்டே கொம்புப் பிடியை என் கையில் வைத்தான். நான் அவனிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கழி ஊன்றி முடிக்கும் வரை அவன் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றான். மரம் ஊறுவதற்கு அது தாராளமான நேரம். பிறகு வலையின் அடிக்கயிறு ஆழமான பக்கத்தில் எங்கேயோ மாட்டியது. மூழ்கிப் பார்த்தான், மூச்சு வாங்க மேலே வந்தான், மறுபடி மூழ்கினான். அதற்குப் பிறகு வரவில்லை. பக்கத்துத் தோணிக்காரர்கள்தான் வலையோடு சேர்த்து இழுத்துப் போட்டார்கள். கயிறு அதிரவில்லையா என்று என்னைக் கேட்டார்கள். நீரோட்டத்தில் கயிறு எப்போதும் அதிரத்தானே செய்யும் என்றேன். அதுவும் பொய் இல்லை.

தெய்வநாயகி அவன் கைவிரல்களைப் பிரித்து அந்தக் கத்தியை எடுத்தாள். மூடியபடியே இருந்தது. அவனுடைய கட்டைவிரலில் நகம் இல்லை. அவளைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, அதை மறைக்கமாட்டேன். எங்கள் நைனா செத்துப்போனபோது அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன் நான். கத்தியை அவள் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

காரியம் முடிந்த அன்று சாப்பிட வந்திருந்த சனத்தின் நடுவே அவள் ஒரு பானையைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே ஏரித் தண்ணீர், தண்ணீருக்குள் மரப்பிடிக் கத்தி. எடுத்து முதலில் ஊர்த் தலைவரான நாட்டாரிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னாள். அவரால் முடியவில்லை. கூடியிருந்த ஆண்கள் கை மாற்றிக் கை மாற்றி இழுத்துப் பார்த்தார்கள். ஒருவன் மேல்துண்டைச் சுற்றி இழுத்தான், ஒருவனுக்கு நகம் பிய்ந்தது. கத்தி என்னிடம் வந்தது. நான் அதை வாங்கி அடுத்தவனிடம் நீட்டினேன்.

"அண்ணா, நீ மட்டும் தொறந்து பாக்கலியே" என்றாள்.

அது என் தவறுதான். ஒப்புக்காவது இழுத்திருக்கலாம். ஆனால் திறக்காது என்று நன்றாகத் தெரிந்த கத்தியில் நகத்தைப் பிய்த்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. சனம் முழுக்க என்னைப் பார்த்தது. அதிலிருந்து இங்கே வந்து உங்கள் முன் நிற்கிறவரை நான் எதையும் மறுக்கவில்லை.

என் தங்கை கொண்டுவந்து கொடுத்த அந்த மரப்பிடியைத் திருப்பிப் பாருங்கள், ஐயா. செதுக்கிய மீனின் வால் பக்கம் பல் பதிந்திருக்கிறது. கையால் வராமல் வாயால் இழுத்திருக்கிறான். இனி அது எதற்கும் உதவாது. கொம்புப் பிடி அப்படியா இருக்கிறது? என்னிடம் வந்த நாளிலிருந்து தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறேன். அவனிடமே இருந்திருந்தால் அடுத்த மழைக்குள் துருப்பிடித்து வில் தெறித்திருக்கும். நான் ஆசைப்பட்டு எடுத்தேன் என்று என் தங்கை சொல்கிறாள். காப்பாற்றினேன் என்பதுதான் சரி.

கயிறு அதிர்ந்ததா என்று நீங்கள் நேரடியாகவே கேட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். அதிர்ந்தது. நீரோட்டத்தின் அதிர்வு வேறு, ஆளின் அதிர்வு வேறு, பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். வெகுநேரம் அதிர்ந்தது. இடது கையில் கயிறு இருந்தது, வலது கையில் கொம்புப் பிடி திறந்து இருந்தது. ஒரே இழுப்பில் வலையை அறுத்திருக்கும், அந்த அலகில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. பிறகு ஏன் குதிக்கவில்லை என்றுதானே துரை கேட்கிறார்?

குதித்திருந்தால் கத்தி நனைந்திருக்கும், ஐயா.