பல்வலி என்று சொல்லி வந்தவர்களின் டாக்டர்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, தலைமைச் செவிலியர் அவர்களே, அம்மாவை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகளே, மருமகனே, கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு வந்து சுவரோரம் நிற்கும் வார்டு ஊழியர்களே, யார் என்று சொல்லிக்கொள்ளாமல் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் பல் மருத்துவன். மனநல மருத்துவருக்கு நடக்கும் இரங்கல் கூட்டத்தில் பல்லைப் பிடுங்குகிறவனுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன்.

அவரை இந்த மருத்துவமனையில் யாரும் பட்டத்தைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தரை துடைப்பவர் முதல் அறுவை சிகிச்சை நிபுணர் வரை எல்லோருக்கும் அவர் 'மனசு டாக்டர்'. எனக்கு முன்பே இங்கே பணியில் சேர்ந்தவர் என்பதால் எனக்கு அக்கா. அவருக்கு நான் 'பல்லுத் தம்பி'. நோயாளிகள் முன்னால் அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று எவ்வளவோ கெஞ்சினேன். "சரிப்பா, இனிமே சொல்லலை" என்பார். இரண்டு அடி நடந்து திரும்பிப் பார்த்து, "பல்லுத் தம்பி, டீ குடிச்சாச்சா?" என்பார்.

எப்படிப்பட்டவர் அவர்? வராந்தாவில் அவர் சிரித்தால் எக்ஸ்ரே அறைக்குக் கேட்கும். மீட்டிங்கில் கண்ணை மூடித் தூங்கிவிடுவார். குறட்டை கூட வரும். ஆனால் யாராவது ஒரு பொய்யான புள்ளிவிவரத்தைச் சொல்லிவிட்டால் போதும், கண் திறந்துவிடும். ஒரு முறை கத்தியை மடியில் மறைத்துக்கொண்டு வந்த ஒருவரிடம், "அதை மேஜை மேல வெச்சுட்டு உட்காருப்பா, இடுப்புல குத்தப் போகுது" என்று தண்ணீர் கேட்பது போலச் சொன்னவர் அவர். வந்தவரும் கத்தியை வைத்துவிட்டு உட்கார்ந்தார். அப்பேர்ப்பட்டவருக்கு என் நாற்காலியைக் கண்டால் நடுக்கம். கடைவாயில் ஒரு சொத்தைப் பல். பிடுங்கிவிடலாம் அக்கா என்று வருஷக்கணக்கில் சொன்னேன். "அடுத்த மாசம் பாக்கலாம் தம்பி" என்பார். கடைசி வரை அந்த அடுத்த மாதம் வரவில்லை.

அன்பர்களே, வீட்டில் அடிபடுகிற பெண்ணுக்கு உடம்பு மட்டுமா நோகிறது? தூக்கம் போகிறது, பசி போகிறது, கதவு சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது. அதற்கு மருத்துவம் உண்டு, மருத்துவரும் உண்டு. பிறகு ஏன் அவர்கள் வருவதில்லை? 'மனநலப் பிரிவு' என்று பேருந்து நிறுத்தத்துக்கு நேர் எதிரே ஆளுயரப் பலகை வைத்திருந்தோம். அதன் கீழே நுழைகிற பெண்ணைத் தெருவே பார்க்கும். அதையும் தாண்டி உள்ளே வந்தால் அன்றைக்கு ஒரு விதி இருந்தது. மனநலப் பிரிவுக்கு முதல் முறை வருகிறவர் குடும்பத்தில் ஒருவரைத் துணைக்கு அழைத்து வர வேண்டும். யாரை அழைத்து வருவாள் அவள்? அடிக்கிறவரையா?

அப்படித்தான் ஒரு பெண் தனியாக வந்தார். வாசலில் இருந்த வாட்ச்மேன், "கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றதும், "யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்று சொன்னார். அந்தப் பெண் திரும்பிப் போனார். அடுத்த சில நாட்களில், வீட்டில் பட்ட அடியோடு அவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். பிழைக்கவில்லை.

வாட்ச்மேன் தலையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அக்கா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க விதியைத்தான் சொன்னீங்கண்ணே. அந்த விதிதான் தப்பு" என்றார். அதற்குப் பிறகு அக்கா அந்த விதியை எதிர்ப்பதை விடவே இல்லை. மேலிடத்துக்கு எழுதினார், நேரில் போனார், போன இடத்தில் எல்லாம் 'பார்க்கலாம்' என்றார்கள்.

பார்க்கலாம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஒரு தையல்காரப் பெண் வந்தார். ஆயத்த ஆடைக் கம்பெனியில் தைக்கிறவர். இதைச் சொல்ல அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "சொல்லுங்க சார், பேரு மட்டும் வேண்டாம்" என்றார்.

அவரை அழைத்து வந்ததே அவருடைய கணவர்தான். மனைவியின் முழங்கையைப் பிடித்தபடியே உள்ளே வந்தார். "தூக்கமே இல்லை, எப்பப் பார்த்தாலும் சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கா. நல்லா தூங்குற மாதிரி மாத்திரை குடுங்க" என்றார். அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்து, "சாப்பிடறியாம்மா?" என்று கேட்டார். "சாப்பிடறதில்லை" என்றார் கணவர். "உன் பேரென்ன?" என்றார் அக்கா. அதற்கும் கணவர்தான் பதில் சொன்னார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த மனிதரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்களுக்கு எப்பவாவது பிரஷர் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"எனக்கா? இல்லையே, ஏன்?"

"முகம் ஒரு மாதிரியா இருக்கு. எதுக்கும் ஒரு ஈசிஜி எடுத்துட்டு வந்துருங்களேன். கீழ்த்தளம், கடைசி அறை."

சொந்த இதயம் என்றால் யாருக்குத்தான் பயம் இல்லை? அவர் போய்விட்டார். அறையில் இரண்டு பெண்கள் மட்டும். "அவரு வந்துருவாரு" என்றார் தையல்காரப் பெண். அவ்வளவுதான் அவர் வாயிலிருந்து வந்தது. "வரட்டும். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். வாயை மட்டும் திற" என்றார் அக்கா. முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது. பக்கத்துப் பல் ஆடிக்கொண்டிருந்தது.

கணவர் திரும்பி வந்ததும், பல் எப்படி உடைந்தது என்று கேட்டார் அக்கா. குளியலறையில் விழுந்துவிட்டாள் என்றார் அவர். "அடடா, அதை முதல்ல சரி பண்ணணும். வலி இருந்தா தூக்கம் எப்படி வரும்?" என்று சொல்லி, இருவரையும் என்னிடம் அனுப்பினார். அனுப்பிவிட்டுப் பின்னாலேயே அவரும் வந்து என்னை ஓரமாக இழுத்தார்.

"தம்பி, இந்தப் பல்லுக்கு எத்தனை தடவை வரணும்?"

"ரெண்டு தடவை போதும்க்கா."

"கொஞ்சம் கூட்டிச் சொல்லேன்."

"நான் பொய் சொல்ல மாட்டேன்."

"பொய் வேண்டாம்பா. மெதுவா வேலை செய்."

அவையோரே, அன்றிலிருந்து இந்த ஊரிலேயே மெதுவாக வேலை செய்கிற பல் மருத்துவன் என்ற பெயரை நான் சம்பாதித்தேன்.

என் அறைக்குப் பின்னால் பல் அச்சுகள் அடுக்கி வைக்கிற ஒரு சின்ன அறை இருந்தது. அதில் இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. சுற்றிலும் அலமாரியில் பிளாஸ்டர் பற்கள் இளித்துக்கொண்டிருக்கும். அதுதான் மனசு டாக்டரின் அறை ஆனது. அடிபடுகிற பெண்கள் பல்வலி என்று சொல்லி என்னிடம் வருவார்கள், பின்னறையில் அக்காவைப் பார்ப்பார்கள். பல்வலி என்றால் யாரும் சந்தேகப்படுவதில்லை. கணவர்களோ மாமியார்களோ என் அறைக்குள் வருவதும் இல்லை, பல் துளைக்கிற மெஷின் சத்தத்துக்குப் பயந்து வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். நாற்காலியில் ஆளே இல்லாமல் மெஷினை ஓட விட்ட நாட்களும் உண்டு. கண்காணிப்பாளர் அவர்கள் இதை இப்போதுதான் கேள்விப்படுகிறார் என்று அவர் முகம் சொல்கிறது.

ஆனால் நான் ஒரு நிபந்தனை போட்டேன். என் நாற்காலியில் உட்காராமல் யாரும் உள்ளே போகக் கூடாது. வந்த ஒவ்வொருவருக்கும் பல்லைச் சுத்தம் செய்துதான் அனுப்பினேன். ஒருவருடைய மாமியார் என்னிடம் வந்து, "என் மருமகளுக்கு இருக்கிறது பல்லா, தொடர்கதையா?" என்று கேட்டார். அந்த அம்மாவின் பல்லையும் பார்த்து அனுப்பினேன்.

சின்ன அறையில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. தையல்காரப் பெண்ணே பின்னாளில் சொன்ன ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவர் அக்காவிடம் முதலில் கேட்டது இதுதான்: "எனக்குப் பைத்தியம்னு எழுதிடுவீங்களா டாக்டர்? அப்படி எழுதிட்டா அப்புறம் நான் எதைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க. என் பொண்ணை அவருகிட்ட குடுத்துருவாங்க." பார்த்தீர்களா, ஒரு பெண் எதற்கெல்லாம் பயந்து வியாதியை மறைக்க வேண்டியிருக்கிறது? "உனக்கு வந்திருக்கிறது பயம். பயப்பட வேண்டிய இடத்துல இருக்கிறவளுக்குப் பயம் வர்றது பைத்தியம் இல்லை" என்றாராம் அக்கா.

வீட்டை விட்டுப் போய்விடு என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. கிளம்புகிற நேரம்தான் அதிக ஆபத்தான நேரம் என்று அவருக்குத் தெரியும். "எப்பப் போகணும்னு உனக்குத்தான் தெரியும். போகும்போது என்னென்ன வேணும், யார் வீட்டுக் கதவைத் தட்டணும், அதை மட்டும் இப்பவே யோசிச்சு வெப்போம்" என்பார். வாரா வாரம் அதைத்தான் யோசித்தார்கள். தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஒரு நாள் அந்தப் பெண் வாயைப் பொத்தாமல் சிரித்தார். பல் நன்றாக வந்திருந்தது. வேலையைச் செய்தது நான் என்பதால் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன்.

பிறகு ஒரு நாள் கணவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, பின்னறையிலிருந்து அக்கா வெளியே வந்தார். ஈசிஜி எடுக்கச் சொன்ன டாக்டர் இங்கே என்ன செய்கிறார் என்று அந்த மனிதருக்குப் பொறி தட்டிவிட்டது. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். தையல்காரப் பெண் பின்னறையில் இருந்தார். அக்கா அந்தக் கதவுக்குக் குறுக்கே நின்றார்.

"தள்ளு. அவ என் பொண்டாட்டி."

"தெரியும். இப்ப என் நோயாளி. உட்காருங்க, பேசலாம்."

அவர் உட்காரவில்லை. அக்காவை இழுத்துத் தள்ளினார். அக்கா என் நாற்காலியின் இரும்புக் கைப்பிடியில் மோதி விழுந்தார், முன்கை எலும்பு முறிந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்த வார்டு ஊழியர்கள் அந்த மனிதரைப் பிடித்துவிட்டார்கள். ஒருவர் கை ஓங்கினார். தரையில் கிடந்தபடியே அக்கா சொன்னார்: "அடிக்காதீங்கப்பா. பிடிச்சு உட்கார வைங்க. போலீஸைக் கூப்பிடுங்க."

அப்போது பின்னறைக் கதவு திறந்தது. தையல்காரப் பெண் வெளியே வந்தார். கணவரைப் பார்க்கவில்லை. அக்காவின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்து, "சார், நான் இனிமே அந்த வீட்டுக்குப் போகலை. என் பொண்ணு பள்ளிக்கூடத்துல இருக்கா. அவளை மட்டும் யாராவது கூட்டிட்டு வாங்க" என்றார். யோசித்து வைத்திருந்தது எல்லாம் வரிசையாக வந்தது. அன்று மாலையே தாயும் மகளும் அந்தப் பெண்ணின் உடன்பிறந்த அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த மனிதர் மீது அக்கா புகார் கொடுத்தார். மன்னித்துவிடுங்கள் என்று உறவினர்கள் வந்து நின்றபோது, "மன்னிச்சுட்டேன். புகார் வேற" என்றார். கூடவே, அடிக்கிற ஆண்களுக்கு ஆலோசனை தருகிற இன்னொரு மருத்துவரிடம் அந்த மனிதரும் போக ஏற்பாடு செய்தார். அவர் சில மாதங்கள் போனார், பிறகு நிறுத்திவிட்டார். எல்லாக் கதையும் நாம் நினைப்பது போல முடிவதில்லை.

மருத்துவமனையில் கூட்டம் போட்டார்கள். அன்றைய கண்காணிப்பாளர், பாதுகாப்பு இல்லை, அந்த அறையை மூடிவிடலாம் என்றார். அக்கா கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அன்று தூங்கவில்லை. "சார், கை உடைஞ்சது எனக்கு. ஆறிடும். கதவை மூடினா, ஆறாத அடி யாருக்கு விழும்னு உங்களுக்கே தெரியும். மூடுறதுக்குப் பதிலா இன்னொரு கதவு வெச்சுக் குடுங்க" என்றார். கடைசியில் மருத்துவமனை அந்த இரண்டாவது கதவைக் கட்டிக் கொடுத்தது. கொல்லைப்புறமாக வந்து போக வழி பிறந்தது. துணைக்கு ஆள் வேண்டும் என்ற அந்த விதியும் ஒழிந்தது. பேருந்து நிறுத்தத்தைப் பார்த்த பலகையை வாட்ச்மேனே ஏணி போட்டு ஏறிக் கழற்றினார்.

இவை எல்லாம் போதுமா? போதாது என்று அக்காவே சொல்லியிருப்பார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் இன்றும் மனநலப் பிரிவு என்று சொல்லித்தான் பெயரைக் கத்திக் கூப்பிடுகிறோம். கண்காணிப்பாளர் அவர்களே, அதை நாளையே நிறுத்த வேண்டும் என்று இந்த அவையின் முன் கேட்டுக்கொள்கிறேன். மாத்திரை அட்டை வீட்டில் அகப்பட்டால் அடி விழும் என்று மருந்தே வாங்காமல் போகிறவர்களுக்கு என்ன செய்வது என்று நாங்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். யோசிப்பதை விடமாட்டோம்.

அவருக்கு இறுதி மரியாதை செய்ய வேண்டிய நாள் காலையில், அந்தப் பின்னறையைப் பூட்டிவிடச் சொல்லியிருந்தேன். அப்போது அவருடைய மகள் போன் செய்தார். "மாமா, இன்னிக்கு அந்த ரூமுக்கு யாராவது வரணுமா?"

"ஒருத்தங்க வரணும்மா. இன்னிக்கு எப்படி..."

"வீட்ல என்ன சொல்லிட்டுக் கிளம்புறாங்களோ பாவம். பூட்டாதீங்க மாமா."

பூட்டவில்லை. அக்காவிடம் பயிற்சி பெற்ற இளம் மருத்துவர், அழுது வீங்கிய கண்களைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். அன்று வர வேண்டிய பெண்மணி வந்தார். விஷயம் அவருக்குத் தெரியாது. "டாக்டரம்மா இல்லையா?" என்று கேட்டார். இளம் மருத்துவர் மறைக்கவில்லை. "அவங்க இறந்துட்டாங்கம்மா. நான் இருக்கேன். உள்ள வர்றீங்களா?" என்றார்.

அந்தப் பெண்மணி புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டியபடி வாசலிலேயே நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. உள்ளே போனார், கதவு மூடியது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அக்காவுக்காக அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதேன்.

வெகு நேரம் கழித்து வெளியே வந்தவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "அடுத்த வாரமும் இதே நேரம்தானே சார்?"

"இதே நேரம்தாம்மா" என்றேன்.

அந்தப் பதிலை அன்று நான் ஒருவன்தான் சொன்னேன். நம் மனசு டாக்டருக்கு நாம் செலுத்துகிற அஞ்சலி எதுவாக இருந்தாலும், இனி அந்தப் பதிலை நாம் எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். சொல்வோம்.