பிடிமண்

— செருப்பக் கழட்டிட்டுப் பேசு, ராணி. ஐயனார் காட்டு எல்லை இது.

— கழட்டியாச்சு வேளாரே. போன மாசம் எங்க மண் பரிசோதனை லேப்புக்கு ஒரு பை மண்ணு குடுத்தீங்களே, அதை எங்க தோண்டுனீங்க?

— ஏத்தா, பூசாரி மேலயே சந்தேகமா? காட்டு மண்ணுதான்.

— காடுன்னா எங்க? அந்தா பட்டுப்போய் நிக்கிதே வீரை மரம், அதுக்கு அடியிலயா?

— அங்கிட்டு யாரு தோண்டுவா! உள்ள ஒரு சுள்ளி எடுக்கக்கூட உத்தரவு கெடையாது. வருசத்துக்கு ஒரு தடவ, புதுக் குதிரை செய்யப் பிடிமண் எடுப்போம்ல, குதிரை வரிசைக்கு முன்னால? அங்கதான் எடுத்தேன்.

— ஐயோ! வருசா வருசம் குதிரைக்குச் சுண்ணாம்பு அடிக்கிற எடம்!

— அதுக்கென்ன?

— அமிலம் ஏறிப் புளிச்ச மண்ணையும் சுண்ணாம்பு நல்ல மண்ணாக் காட்டிரும். நானும் ‘மண் நல்லா இருக்கு’ன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். பதினோரு மணிக்குக் கலெக்டர் ஆபீஸ்ல கூட்டம். அந்தப் பேப்பரக் காட்டித்தான் ஆலைக்காரங்க ரெண்டாவது புகைபோக்கிக்கு அனுமதி கேக்குறாங்க.

— பதறாத. ஒரு மழை பேஞ்சா எல்லாம் கழுவிட்டுப் போயிரும்.

— மழைதான் வேளாரே வெசமே! பதினஞ்சு வருசமா அந்தப் புகை மழையில கரைஞ்சு அமிலமா எறங்குது. மழையில்லாதப்ப எலையில படிஞ்சு எறங்குது. மண்ணுல இருந்த சத்தக் கொஞ்சங்கொஞ்சமாக் கரைச்சுக் கொண்டுபோயிருச்சு. வேரு கருகுது, மரம் உச்சியிலேருந்து காயுது. இங்க நத்தையப் பாத்து எத்தன வருசமாச்சு, சொல்லுங்க?

— அட, ஆமா. ஐப்பசியில கால் வைக்க எடமிருக்காது. இப்ப ஒண்ணையும் காணோம்.

— நத்தை ஓடு கட்ட மண்ணுல சுண்ணாம்புச் சத்து இல்ல. நாளைக்கே புகைய நிப்பாட்டினாலும், மண்ணு தேற நம்ம ஆயுசு பத்தாது. இதுல இன்னொரு புகைபோக்கி வேற! மணி ஒம்பதாச்சு. வீரை மரத்தடியில ஒரு பிடி எடுத்துக் குடுங்க. பொம்பளைக உள்ள போகக்கூடாதுங்கறீங்க, இல்லாட்டி நானே...

— ஐயனாரு கண்ணப் பிடுங்கிருவாரு! இரும்பே படாத மண்ணு ஆத்தா அது.

— இரும்பு வேணாம், கொட்டாங்குச்சி போதும். காடே போனப்பறம் ஐயனாரு எங்க போயி நிப்பாரு? தப்பாக் கையெழுத்துப் போட்டவ நான். ஒங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்.

— அழுவாத, அழுவாத. எடுத்துத் தாரேன். சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். ஆனா கூட்டத்துல ஆலைக்காரவுகள ஒண்ணும் திட்டிப்புடாத. பக்தியுள்ள மனுசங்க.

— அவுகளா?

— பின்ன? குதிரைக்கு ஒரு மூட்டைச் சுண்ணாம்பு போதும். திருவிழாவுக்கு இன்னும் எத்தனையோ நாள் கெடக்கு, நீ மண்ணு கேட்டதுக்கு முந்தின வாரமே மேனேஜரு வந்து நாலு மூட்டை எறக்குனாரு. பிடிமண் எங்க எடுப்பீகன்னு கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டு, மிச்சம் மூணையும் அந்த எடத்துலயே தூவித் தண்ணி தெளிக்கச் சொன்னாரு.